மீசையும் ஜன்னலும்

அமெரிக்காவில் "நன்றி நாள்" என்று ஒரு பண்டிகை உண்டு. நவம்பர் மாதம் நான்காவது வியாழக்கிழமை வரும். நமது பொங்கலைப் போல அறுவடையை ஒட்டிப் பிறந்த விழா. அன்று வீட்டுக்கு வீடு வான்கோழி வேகும். வெளியூரில் இருக்கும் மகனும் மகளும் பேரன் பேத்திகளும் வந்து சேருவார்கள். எல்லோரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்காருவார்கள்.

இந்த மேஜையை வைத்து இரண்டு கேலிச் சித்திரங்கள் வெளிவந்திருக்கின்றன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே 145 ஆண்டுகள். இரண்டும் ஒரே கேள்வியைப் பற்றியவை. வெளிநாட்டிலிருந்து வருகிறவனை வீட்டுக்குள் விடலாமா, கூடாதா?

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பெரிய நாட்டின் மனம் தெரியும். கேலிச் சித்திரம் சிரிக்க மட்டும் அல்ல என்பதும் தெரியும்.

முதல் விருந்து

முதல் படம், 1869-ம் ஆண்டு நவம்பர் 20-ந் தேதியிட்ட "ஹார்ப்பர்ஸ் வீக்லி" இதழில் வந்தது. வரைந்தவர் தாமஸ் நாஸ்ட். அமெரிக்கக் கேலிச் சித்திரத்தின் தந்தை என்று அவரைச் சொல்லுவார்கள்.

நீண்ட மேஜை. ஒரு கோடியில் சாம் மாமா நின்றுகொண்டு வான்கோழியை அறுக்கிறார். (அமெரிக்க தேசத்தையே ஒரு கிழவராக்கி, நெட்டை உடம்பும் ஆட்டுத் தாடியுமாக வரைவது அந்த நாட்டுப் பத்திரிகைகளின் வழக்கம். அந்தக் கிழவர்தான் சாம் மாமா.) இன்னொரு கோடியில் "கொலம்பியா" என்னும் தேசமாதா அமர்ந்திருக்கிறாள். அவளுக்கு ஒரு பக்கம் கறுப்பர். மறு பக்கம் சீனர். சுற்றிலும் ஜெர்மானியர், ஐரிஷ்காரர், செவ்விந்தியர் என்று பல இனத்தார். மனைவி மக்களோடு வந்திருக்கிறார்கள். சுவரில் வாஷிங்டன், லிங்கன், கிராண்ட் ஆகியோரின் படங்கள். எல்லோரும் வரலாம், எல்லோரும் சமம் என்று படத்தின் அடியில் எழுதியிருக்கிறது.

உள்நாட்டு யுத்தம் முடிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. கறுப்பருக்கு ஓட்டுரிமை தரும் 15-வது அரசியல் சட்டத் திருத்தம், மாநிலங்களின் சம்மதத்துக்காகக் காத்திருந்தது. அந்த நேரத்தில் வந்த படம் அது. 1870 பிப்ரவரியில் திருத்தம் நிறைவேறிவிட்டது.

வரைந்த நாஸ்ட் யார்? ஜெர்மனியில் லாண்டவ் என்ற ஊரில் 1840-ல் பிறந்தவர். ஆறு வயதில் கப்பல் ஏறி நியூயார்க் வந்தவர். அவரே பந்திக்குப் பிந்தி வந்தவர்தான்!

இரண்டாவது விருந்து

இப்போது இரண்டாவது படத்துக்கு வருவோம்.

2014-ம் ஆண்டு நவம்பர் 20-ந் தேதி, ஜனாதிபதி ஒபாமா ஓர் உத்தரவை அறிவித்தார். சரியான அனுமதிச் சீட்டு இல்லாமல் அமெரிக்காவில் வாழ்பவர்களில் ஒரு பகுதியினரை, உடனே நாடு கடத்தாமல், வேலை செய்ய விடுவது என்பது அந்த உத்தரவு. நன்றி நாளுக்கு ஒரே வாரம் இருந்தது.

"இண்டியானாபொலிஸ் ஸ்டார்" என்ற பத்திரிகையில் கேரி வார்வெல் என்ற ஓவியர் ஒரு படம் போட்டார். வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று விருந்து மேஜையில் இருக்கிறது. வீட்டுக்காரர் வான்கோழியை ஏந்தி வருகிறார். ஜன்னல் வழியே மாநிறமான ஒரு குடும்பம் உள்ளே ஏறிக் குதிக்கிறது. முன்னால் வருகிறவனுக்குப் பெரிய மீசை. ஜனாதிபதியின் உத்தரவால் இந்த வருஷம் கூடுதல் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள் என்று வீட்டுக்காரர் சொல்கிறார்.

படம் வெளிவந்ததும் பெரிய கூச்சல் கிளம்பியது. ஒரு இனத்தையே திருடனாகக் காட்டுகிறீர்களே என்று வாசகர்கள் கேட்டார்கள். பத்திரிகை என்ன செய்தது தெரியுமா? முதலில் அந்த மீசையை அழித்தது! கூச்சல் அடங்கவில்லை. பிறகு படத்தையே எடுத்துவிட்டது. வெளியிட்டது தவறு என்று ஆசிரியர் எழுதினார். இனத்தை இழிவு செய்வது ஓவியரின் நோக்கம் அல்ல என்றும் சொன்னார்.

மீசை போயிற்று. ஜன்னல்?

அந்த மீசையைப் பற்றித்தான் நான் நிறைய யோசித்தேன்.

அதை அழித்ததால் என்ன ஆயிற்று? மெக்ஸிகோக்காரன் என்ற அடையாளம் கொஞ்சம் மங்கிற்று. அவ்வளவுதான். படம் சொன்ன சேதி மாறவில்லை. ஏனென்றால் அந்தச் சேதி மீசையில் இல்லை. ஜன்னலில் இருந்தது.

ஜன்னல் வழியே வருகிறவன் யார்? திருடன். நமது ஊரிலும் அப்படித்தான். விருந்தாளி வாசல் வழியே வருவான். ஒரு மனிதனை ஜன்னலில் நிறுத்திவிட்டால் அவன் யார், எவர், என்ன செய்தான் என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள். தீர்ப்பு ஆகிவிட்டது. சாட்சி வேண்டாம். வக்கீல் வேண்டாம்.

ஆனால் அந்த உத்தரவு சொன்னது என்ன? புதிதாக ஒருவரையும் உள்ளே விடச் சொல்லவில்லை. 2010 ஜனவரிக்கு முன்பிருந்தே அமெரிக்காவில் வாழ்பவராக இருக்க வேண்டும். பெற்ற பிள்ளை அமெரிக்கக் குடிமகனாகவோ, நிரந்தரக் குடியுரிமைச் சீட்டு உள்ளவனாகவோ இருக்க வேண்டும். அரசாங்கத்திடம் பெயரைப் பதிந்து, குற்றம் எதுவும் செய்யவில்லை என்று காட்ட வேண்டும். அப்படிப்பட்ட தாய் தகப்பன்மார்களுக்குத்தான் முக்கியமாக அந்தச் சலுகை.

விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்பார்கள். இவர்களோ ஐந்து வருஷத்துக்கு மேலாக அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தவர்கள். அமெரிக்க வயல்களில் பயிர் வேலை செய்யும் கூலியாட்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் அனுமதிச் சீட்டு இல்லாதவர்கள் என்று அந்நாட்டுத் தொழில் இலாகாவின் கணக்கே சொல்கிறது. அப்படியானால் அந்த மேஜையில் இருந்த காய்கறியில் பாதி யார் பறித்தது?

அவர்களை ஜன்னலில் வரைந்தது பொய். அடுப்பங்கரையில் வரைந்திருந்தால் அது உண்மை. சம்பளமும் சீட்டும் இல்லாமல் அடுப்பங்கரையில் எத்தனை நாளைக்கு ஒருவரை வைத்திருப்பது என்று அப்போது கேள்வி பிறந்திருக்கும். ஒருவேளை வீட்டுக்காரருக்கே வெட்கம் வந்திருக்கும்.

அந்த உத்தரவு கடைசியில் நடைமுறைக்கு வரவில்லை. 2015 பிப்ரவரியில் கோர்ட்டு தடை போட்டது. 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் நாலுக்கு நாலாகப் பிரிந்ததால் தடை நிலைத்துவிட்டது.

எழுத்துத் தெரியாதவனுக்கும் படம் தெரியும்

"ஒரு படத்துக்கு இவ்வளவு பேச்சா?" என்று சிலர் கேட்கலாம்.

நியூயார்க்கில் ட்வீட் என்று ஒரு அரசியல் தலைவர் இருந்தார். நகராட்சிப் பணத்தைக் கோடிக் கணக்கில் விழுங்கியவர். நாஸ்ட் அவரை வாரா வாரம் படத்தில் கிழித்தார். பத்திரிகை எழுதுவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, என் ஆட்களுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் அந்தப் பாழும் படங்களைப் பார்க்கத் தெரிகிறதே என்று ட்வீட் புலம்பியதாக ஒரு கதை உண்டு. பிறகு அவர் சிறையிலிருந்து தப்பி ஸ்பெயின் தேசத்துக்கு ஓடினார். 1876-ல் அங்கே பிடிபட்டார். எப்படி அடையாளம் கண்டார்கள்? நாஸ்ட் போட்ட படத்தை வைத்துத்தான் என்று சொல்லுவார்கள்.

படத்துக்கு அவ்வளவு வலிமை. கட்டுரையைப் படிக்கிறவன் நடுவில் நிறுத்தி "அப்படியா?" என்று கேட்பான். படத்தைப் பார்க்கிறவன் கேட்பதில்லை. சிரித்துவிடுகிறான். சிரித்த பிறகு "அப்படியா?" என்று கேட்பது கடினம்.

ஏறிய ஏணி

ஏறி வந்த ஏணியை எட்டி உதைப்பது என்று தமிழில் சொல்கிறோம். இதையே நாஸ்ட் 1870-ல் படமாக வரைந்திருக்கிறார். ஒரு பெரிய மதில். அதன்மேல் முன்பே ஏறிவிட்ட ஐரிஷ்காரர்களும் மற்றவர்களும் நிற்கிறார்கள். கீழே சீனர்கள். மேலே நிற்பவர்கள் ஏணியைத் தள்ளிவிடுகிறார்கள். அந்த ஏணியின் பெயர் குடியேற்றம்!

இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, இதே கருத்தை "பக்" என்ற பத்திரிகையில் ஜோசப் கெப்ளர் வரைந்தார். 1893 ஜனவரியில் வந்த படம். கப்பலிலிருந்து ஓர் ஏழை மூட்டையுடன் இறங்குகிறான். கரையில் கனவான்கள் சிலர் வரிசையாக நின்று, வராதே என்று கையை நீட்டித் தடுக்கிறார்கள். உயர்ந்த கம்பளிக் கோட்டு, உயரத் தொப்பி, பருத்த வயிறு. அவர்களுக்குப் பின்னால் அவர்களுடைய நிழல்கள் விழுகின்றன. அந்த நிழல்களைப் பாருங்கள்! கந்தல் உடையும் மூட்டையுமாக அதே போன்ற ஏழைகள்! அவர்களே ஒரு காலத்தில் இருந்த கோலம். அல்லது அவர்களுடைய அப்பன் பாட்டன் வந்த கோலம்.

கெப்ளரும் குடியேறியவர்தான். வியன்னாவில் பிறந்தவர்.

என் கருத்தில் குடியேற்றத்தைப் பற்றி வந்த படங்களில் இதற்கு இணை இல்லை. காரணம், அது வருகிறவனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் நல்லவனா கெட்டவனா என்று கேட்கவில்லை. தடுக்கிறவனைப் பார்த்து, "நீ எப்படி வந்தாய்?" என்று கேட்கிறது. அவ்வளவுதான்.

ஒரே கை, இரண்டு பேனா

நல்ல படம் போட்டவரெல்லாம் எப்போதும் நல்லவர் என்று நினைத்துவிடக் கூடாது.

விருந்து மேஜையில் எல்லோரையும் உட்கார வைத்த அதே நாஸ்ட், 1871-ல் ஐரிஷ்காரனைக் குரங்கு முகத்துடன், கையில் சாராயப் புட்டியுடன், வெடிமருந்துப் பீப்பாயின் மேல் உட்கார வைத்தார். அதே மாதம் இன்னொரு படம். அதற்கு "அமெரிக்காவின் கங்கை நதி" என்று பெயர். நமது கங்கைதான்! கங்கையில் குழந்தைகளை முதலைக்குப் போடுவார்கள் என்று பாதிரிமார் பரப்பிய கதை அப்போது அங்கே பிரபலம். அந்தக் கதையை எடுத்துக்கொண்டு, கத்தோலிக்க பிஷப்புகளை முதலைகளாக வரைந்தார். அவர்களுடைய கூர்மையான தொப்பியே முதலையின் வாய். கரையில் பள்ளிக் குழந்தைகள் நடுங்குகிறார்கள். வந்து குவிந்த ஐரிஷ் கத்தோலிக்கர், பள்ளிக்கூடங்களை விழுங்கிவிடுவார்கள் என்பது படத்தின் பொருள்.

ஒரே படத்தில் இரண்டு சமூகத்துக்கு அடி. ஒன்று அயர்லாந்திலிருந்து வந்தவர்களுக்கு. மற்றது, கப்பலே ஏறாமல் தஞ்சாவூரிலும் காசியிலும் சும்மா இருந்த நமக்கு!

அதே ஆண்டில் சீனரை அடிக்க வந்த கூட்டத்தைக் கொலம்பியா தடுத்து நிற்பதாகவும் நாஸ்ட் வரைந்திருக்கிறார். சீனர்மேல் இரக்கம். ஐரிஷ்காரர்மேல் வெறுப்பு. மனிதர் அப்படித்தான். அதனால்தான் ஓவியரின் பெயரைப் பார்த்து நம்பிவிடாமல், ஒவ்வொரு படத்தையும் தனியாக எடை போட வேண்டும்.

சிலையும் எலியும்

நியூயார்க் துறைமுகத்தில் சுதந்திர தேவி சிலையைத் திறந்தது 1886-ல். அதற்கு ஐந்து ஆண்டு முன்னதாகவே, 1881-ல், சான்பிரான்சிஸ்கோவின் "வாஸ்ப்" பத்திரிகை அதைக் கேலி செய்துவிட்டது. "நமது துறைமுகத்துக்கு ஒரு சிலை" என்று தலைப்பு. தேவிக்குப் பதிலாகக் கந்தல் கட்டிய ஒரு சீனன். கையில் அபின் குழாய். காலடியில் மண்டை ஓடு. தலையைச் சுற்றி வீசும் ஒளிக் கதிர்களில் அழுக்கு, நோய், ஒழுக்கக்கேடு, வெள்ளைத் தொழிலாளிக்கு நாசம் என்றெல்லாம் எழுதியிருந்தது.

மறு வருஷம், 1882 மே மாதம், சீனத் தொழிலாளர் வரக் கூடாது என்று சட்டம் வந்தது. மேற்கையும் கிழக்கையும் இணைக்கும் ரெயில் பாதைக்காக மலையைக் குடைந்தவர்கள் அந்தச் சீனர்கள்தான். பாதை 1869-ல் முடிந்தது. பதின்மூன்று ஆண்டில் கதவு சாத்தியாயிற்று. அந்தச் சட்டம் 1943 வரை இருந்தது.

படம் வந்ததால் சட்டம் வந்தது என்று நான் சொல்லவில்லை. வேலைப் போட்டி இருந்தது. ஓட்டுக் கணக்கு இருந்தது. ஆனால் அப்படி ஒரு சட்டத்துக்குக் கை தூக்க மனம் துணிய வேண்டுமே! அந்தத் துணிவைப் படம் தந்தது. நோய்க்கும் அழுக்கும் எதிராகக் கதவை மூடுவது பாவமா? இல்லையே! மனிதனை முதலில் நோயாக்கிவிட்டால் பிறகு எல்லாம் சுலபம்.

1903-ல் "ஜட்ஜ்" பத்திரிகையில் லூயிஸ் டால்ரிம்பிள் வரைந்த படத்தில் மனிதனே கிடையாது. எலிகள்! ஐரோப்பாவின் குப்பையிலிருந்து மனிதத் தலையும் எலி உடம்புமாக நீந்தி வந்து அமெரிக்கக் கரையில் ஏறுகின்றன. மேலே புகையில், கொலையுண்ட ஜனாதிபதி மக்கின்லியின் ஆவி. அவரைக் கொன்றது இப்படி வந்த எலிதான் என்பது குறிப்பு.

உண்மை என்ன? 1901-ல் மக்கின்லியைச் சுட்டவன் பெற்றோர் போலந்துக்காரர்கள். ஆனால் அவன் பிறந்தது அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில். எந்தச் சட்டம் எந்தக் கதவை மூடியிருந்தாலும் அவன் அந்த வீட்டுப் பிள்ளைதான். படத்தில் அதற்கு இடம் இல்லை.

புனல் மறைத்த கணக்கு

சில படங்கள் பொய் சொல்வதில்லை. பாதி உண்மையைச் சொல்லி நிறுத்திவிடும். அவைதான் அதிக ஆபத்து.

1921-ல் வந்த ஒரு படத்தில், அட்லாண்டிக் கடலின்மேல் ஒரு பெரிய புனல். அகலமான வாய் ஐரோப்பாவில் இருக்கிறது. அங்கே ஜனக்கூட்டம் முண்டியடிக்கிறது. குறுகிய வாய் அமெரிக்காவில் இருக்கிறது. சாம் மாமா "3 சதவிகிதம்" என்று எழுதிய கதவை வைத்து அடைக்கிறார். இரண்டு மூன்று பேர்தான் வெளியே சொட்டுகிறார்கள்.

அந்த ஆண்டு வந்த சட்டத்தை அது சரியாகத்தான் காட்டியது. 1910-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி, அமெரிக்காவில் ஒவ்வொரு நாட்டுக்காரரும் எத்தனை பேர் இருந்தார்களோ, அதில் 3 சதவிகிதம் பேர்தான் அந்த நாட்டிலிருந்து ஆண்டுக்கு வரலாம்.

1924-ல் அதை மாற்றினார்கள். 3 சதவிகிதத்தை 2 ஆக்கினார்கள். இது எல்லோருக்கும் புரியும். புனலின் வாயை இன்னும் குறுக்கினால் போதும், படம் தயார். ஆனால் இன்னொன்றும் செய்தார்கள். 1910-ம் ஆண்டுக் கணக்கை விட்டுவிட்டு, 1890-ம் ஆண்டுக் கணக்குக்குப் போனார்கள். பழைய கணக்கு எதற்கு? இத்தாலியரும், போலந்துக்காரரும், ரஷியாவிலிருந்து யூதர்களும் பெருவாரியாக வந்தது 1890-க்குப் பிறகுதான்! ஆண்டை மாற்றியதுமே அவர்களுடைய பங்கு சுருங்கிப் போயிற்று. ஆங்கிலேயரின் பங்கும் ஜெர்மானியரின் பங்கும் தாராளமாக நின்றன.

சட்டத்தின் உயிர் அந்த ஆண்டில் இருந்தது. அதை எந்தப் புனலில் வரைய முடியும்? கேலிச் சித்திரத்தின் குறை இதுதான். அது கதவை வரையும். மதிலை வரையும். வெள்ளத்தை வரையும். சட்டத்தின் இரண்டாவது பிரிவில் மூன்றாவது வரியை வரையாது. ஆனால் லட்சம் பேருடைய வாழ்வும் சாவும் அந்த மூன்றாவது வரியில்தான் இருக்கும்.

நம்மவர் வந்த கதை

இந்தியரை அவர்கள் எப்படி வரைந்தார்கள்?

1910 ஆகஸ்டில் "சான்பிரான்சிஸ்கோ கால்" பத்திரிகை, தலைப்பாகை கட்டிய இந்தியரைப் படம் போட்டு, இது சாம் மாமாவுக்குப் புதிய பிரச்சினை என்று எழுதியது. அப்போது அங்கே போனவர்கள் பெரும்பாலும் பஞ்சாபிகள். மர ஆலையிலும் தோட்டத்திலும் கூலி வேலை செய்தவர்கள். 1917-ல் வந்த சட்டம் இந்தியா உள்பட ஆசியாவின் பெரும் பகுதியையே விலக்கிவிட்டது. 1946-ல்தான் கதவு ஓர் இம்மி திறந்தது. ஆண்டுக்கு 100 பேர்! சுமார் 40 கோடி மக்கள் இருந்த நாட்டுக்கு 100 பேர்!

1965-ல் ஜனாதிபதி ஜான்சன், சுதந்திர தேவி சிலையின் அடியில் அமர்ந்து, நாட்டுவாரிப் பங்குமுறையை ஒழிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதற்குப் பிறகுதான் நமது டாக்டர்களும் என்ஜினீயர்களும் பெருவாரியாகப் போனார்கள். இன்று அமெரிக்காவில் தமிழ் பேசும் குடும்பங்கள் இருக்கின்றன என்றால் அந்தக் கையெழுத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

ஆகவே, "நாங்கள் வாசல் வழியே வந்தவர்கள், ஜன்னல் வழியே வருகிறவனைப் பற்றி எங்களுக்கு என்ன?" என்று நம்மவர் யாராவது பேசினால், கெப்ளரின் படத்தை எடுத்துக் காட்டுங்கள். பின்னால் விழும் நிழலில் தலைப்பாகை இருக்கும்.

யாரும் வரையாத வரிசை

வரிசையில் வா என்று அடிக்கடி சொல்கிறார்கள். அது நியாயமான பேச்சு. ரேஷன் கடையில் நின்றவனுக்கு வரிசையை முறிக்கிறவன்மேல் எவ்வளவு கோபம் வரும் என்று தெரியும். அந்தக் கோபத்தை இனவெறி என்று தள்ளிவிடக் கூடாது. சட்டம் இல்லாத கதவை எந்த நாடும் வைத்திருக்க முடியாது. கூலி குறைந்துவிடுமோ என்று தொழிலாளி பயப்படுவதும் வெறும் கற்பனை அல்ல.

ஆனால் அந்த வரிசை எப்படி இருக்கிறது?

தொழில் திறமையின் பேரில் தரும் நிரந்தரக் குடியுரிமைச் சீட்டு, ஆண்டுக்குச் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம். அதில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவிகிதத்துக்கு மேல் கூடாது என்பது பொது விதி. பெரிய நாடும் சின்ன நாடும் ஒன்றுதான். அதனால் முறையாக விசா வாங்கிப் போன இந்திய என்ஜினீயர் பத்து ஆண்டு, இருபது ஆண்டு என்று காத்திருக்கிறார். குழந்தையாகக் கூடப் போன பிள்ளைக்கு 21 வயது ஆகிவிட்டால், பல சமயம் அப்பாவின் வரிசையிலிருந்தே அந்தப் பிள்ளை விழுந்துவிடுகிறான். வயலில் வேலை செய்யும் மெக்ஸிகோக்காரக் கூலிக்கோ, நிற்பதற்கு வரிசையே அநேகமாக இல்லை.

இதுதான் சீர்திருத்தம் பேச வேண்டிய விஷயம். எத்தனை சீட்டு, யாருக்கு, எத்தனை வருஷத்தில், என்ன நிபந்தனையில்? 1986-ல் ஒரு சட்டம் வந்தது. சுமார் 27 லட்சம் பேருக்குச் சீட்டுக் கிடைத்தது. அத்தனை பெரிய சட்டம் அதற்குப் பிறகு வரவில்லை. 2013 ஜூனில் இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து கொண்டுவந்த மசோதா, செனட் சபையில் 68-க்கு 32 என்று நிறைவேறியது. எல்லைக் காவலுக்குப் பணம், காத்திருப்பவருக்குச் சீட்டு, உள்ளே இருக்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் பேருக்கு அபராதத்தோடு 13 வருஷ வழி என்று எல்லாம் இருந்தது. பிரதிநிதிகள் சபை அதை ஓட்டுக்கே எடுக்கவில்லை.

அந்த மசோதாவை எப்படி வரைவது? ஒரு கை கொடுக்கிறது, ஒரு கை அபராதம் வாங்குகிறது, ஒரு கை காவல் போடுகிறது. ஒரே படத்தில் அடங்காது. ஆனால் திறந்த கதவு ஒரே கோட்டில் அடங்கும். உயர்ந்த மதிலும் ஒரே கோட்டில் அடங்கும். ஆகவே தேர்தலுக்குத் தேர்தல் மக்கள் பார்ப்பது கதவும் மதிலும்தான். நடுவில் இருக்கும் வழி யார் கண்ணுக்கும் படுவதில்லை.

அழும் சிலை

குற்றம் ஒரு பக்கம் மட்டும் அல்ல. குடியேறியவருக்கு இரக்கப்படும் ஓவியர்களிடமும் ஒரு சுலபமான வழக்கம் இருக்கிறது.

சுதந்திர தேவி அழுகிறாள். அல்லது, முகத்தை மூடிக்கொள்கிறாள். அல்லது, செவ்விந்தியர் ஒருவர் கரையில் நின்று, அன்று கப்பலில் வந்த வெள்ளைக்காரரைப் பார்த்து, உன் சீட்டு எங்கே என்று கேட்கிறார். இப்படி எத்தனையோ படங்கள். முதல் தடவை பார்த்தபோது நெஞ்சைத் தொட்டன. நூறாவது தடவை?

பார்க்கிறவன் "நான் நல்லவன்" என்று திருப்திப்பட்டுக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்புகிறான். ஒருவருடைய சீட்டும் ஒரு நாள் முன்னால் நகரவில்லை. எலியாக வரைவது மனிதனைக் கீழே தள்ளுகிறது. கண்ணீராக வரைவது மனிதனையே மறைத்துவிடுகிறது. இரண்டிலும் அவனுக்கு ஒரு முகம் இல்லை, ஒரு தொழில் இல்லை, ஒரு பெயர் இல்லை.

மெக்ஸிகோவிலிருந்து வந்த பெற்றோருக்குக் கலிபோர்னியாவில் பிறந்த லாலோ அல்கராஸ் போன்ற ஓவியர்கள் வந்த பிறகு இது கொஞ்சம் மாறியது. அவருடைய படத்தில் குடியேறியவன் பேசுகிறான். கேலி செய்கிறான். கோபப்படுகிறான். பரிதாபத்துக்காகக் கையேந்தி நிற்பதில்லை. எந்தக் கையில் பேனா இருக்கிறது என்பது முக்கியம்தான்.

பெயர் இல்லாத படங்கள்

இப்போது புதிதாக ஒரு கவலை. அமெரிக்கப் பத்திரிகைகளில் சம்பளத்துக்கு இருந்த ஓவியர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். 2023 ஜூலையில் ஒரே கம்பெனி, புலிட்சர் பரிசு பெற்ற மூன்று ஓவியர்களை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியது.

படங்கள் குறைந்தனவா? இல்லை. பெருகின. கைப்பேசியைத் திறந்தால் கொட்டுகின்றன. யார் போட்டது? தெரியாது. மெஷினே கூடப் போடுகிறது.

இண்டியானாபொலிஸ் படத்துக்கு ஓவியர் பெயர் இருந்தது. பத்திரிகைக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். வாசகர் கேட்டபோது பதில் சொன்னார். தவறு என்று ஒப்புக்கொண்டார். இன்று கைப்பேசியில் வரும் எலிப் படத்துக்கு யாரிடம் போய்க் கேட்பது? அதனால் பொறுப்பு முழுவதும் பார்க்கிறவன் தலையில் விழுந்துவிட்டது.

மூன்று கேள்விகள்

ஆகவே ஒரு படத்தைப் பார்த்துச் சிரித்த பிறகு, மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள்.

ஒன்று: இந்த மனிதனை எங்கே நிறுத்தியிருக்கிறார்கள்? வாசலிலா, ஜன்னலிலா, அடுப்பங்கரையிலா, மேஜையிலா?

இரண்டு: அவனுக்கு முகம் இருக்கிறதா? அல்லது, அலையா, எலியா, கூட்டமா, கண்ணீரா?

மூன்று: படத்துக்கு வெளியே எதை விட்டுவிட்டார்கள்?

இதற்காகப் படங்களைத் தடை செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கேலி இல்லாத நாட்டில் பயம்தான் இருக்கும். ட்வீட்டைப் பிடித்துக் கொடுத்ததும் கேலிதான். மீசையை அழிப்பதும் வழி அல்ல. அது ஓவியருக்கும் அவமானம், வாசகருக்கும் ஏமாற்று. ஒரு மோசமான படத்துக்குச் சரியான பதில், இன்னொரு நல்ல படம்.

நாஸ்ட் விரித்த மேஜை 1869-ல் இருந்தது. அதில் இடம் பெற்ற சீனரை, பதின்மூன்று ஆண்டில் எழுப்பி வெளியே அனுப்பிவிட்டார்கள். படத்தில் இலை போடுவது சுலபம். நிஜத்தில் பரிமாறுவது கடினம்.

ஆனாலும் அந்தப் படம் இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு நவம்பரிலும் யாராவது அதை எடுத்துப் பார்க்கிறார்கள். 2014-ம் ஆண்டுப் படத்தை வெளியிட்ட பத்திரிகையே எடுத்துவிட்டது.

எந்த விருந்து நிலைத்தது என்று பார்த்தீர்களா?